மன உறுதிக்குக் கட்டுப்படாத வெப்பம்

2019 செப்டம்பர் 27. கத்தார் தலைநகர் தோஹாவின் கடலோரச் சாலையில், நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது உலகத் தடகள சாம்பியன்ஷிப்பின் பெண்கள் மாரத்தான் தொடங்கியது. பகல் வெயிலுக்கு அஞ்சித்தான் அந்த நேரத்தைக் குறித்திருந்தார்கள். வழக்கமாக ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி நடக்கும் சாம்பியன்ஷிப்பையே செப்டம்பர் இறுதிக்குத் தள்ளியும் வைத்திருந்தார்கள். அப்படியும் வெப்பநிலை 32.7 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 73.3 சதவீதம். புறப்பட்ட 68 பேரில் எல்லைக்கோட்டைத் தொட்டவர்கள் 40 பேர். மீதி 28 பேர் வழியிலேயே விலகினார்கள். அவர்களில் சிலரைச் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் கொண்டுபோக முடிந்தது. வென்ற கென்ய வீராங்கனை ரூத் செப்ங்கெடிச்சுக்கு 2 மணி 32 நிமிடம் 43 வினாடி ஆனது. உலக சாம்பியன்ஷிப் பெண்கள் மாரத்தானில் அன்றுவரை எந்த வெற்றியாளரும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. அதே ஆண்டு ஜனவரியில், பக்கத்திலிருக்கும் துபாயில் அவர் அதே தூரத்தை 2 மணி 17 நிமிடம் 8 வினாடியில் ஓடி முடித்திருந்தார். இரண்டும் வளைகுடா நகரங்கள், ஓடியவரும் ஒருவரே. மாறியது மாதம்தான்.

உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள், பயிற்சியாளர், மருத்துவர், பனிக்கட்டி, குளிர்பானம் என்று எல்லா வசதியோடும் வந்தவர்கள், பத்தில் நான்கு பேர் என்ற கணக்கில் பாதியில் நின்றார்கள். இவர்களுக்கு மன உறுதி குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் கடும் வெப்பத்தில் ஓடுவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்முடைய மொழி மன உறுதியைச் சுற்றியே சுழல்கிறது. வெயிலைப் பொருட்படுத்தாமல் ஓடினார், உடல் சொன்னதைக் கேட்காமல் சாதித்தார் என்றுதான் பாராட்டுகிறோம். இந்தப் பாராட்டு ஆபத்தானது. வெப்பத்தை மன உறுதியால் வெல்ல முடியாது. அதைத் தவிர்க்கலாம், அளக்கலாம், அதற்கு ஏற்பாடு செய்யலாம். அவற்றைச் செய்யும் பொறுப்பில் பெரும்பகுதி ஓடுபவருடையது அல்ல, ஓட்டத்தை நடத்துபவருடையது.

ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி ஆற்றல் செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை ஓடி முடிக்க ஏறக்குறைய 2,500 கிலோ கலோரி வேண்டும். தசைகள் இதில் ஐந்தில் ஒரு பங்கை, மிஞ்சினால் நான்கில் ஒரு பங்கைத்தான் அசைவாக மாற்றுகின்றன. மற்றதெல்லாம் வெப்பம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒருவரின் உடலிலிருந்து அந்த வெப்பம் வெளியேறவே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் அவர் உடல் சூடேறும். அரை மணி நேரத்துக்குள் உயிர் போய்விடும். நாம் பிழைத்திருப்பது வியர்வையால். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆவியாக வேண்டும் என்பதுதான் இதில் நிபந்தனை. தரையில் சொட்டிய வியர்வையும், பனியனை நனைத்து ஊறிக்கிடக்கும் வியர்வையும் உடலைக் குளிர்விப்பதில்லை. மண்பானைத் தண்ணீர் வறண்ட காற்றடிக்கும் நாளில் சில்லென்று இருப்பதும், புழுக்கமான நாளில் அவ்வளவாகக் குளிராமல் போவதும் இதே காரணத்தால்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தோலின் ஈரம் போவதற்கு இடமில்லை.

தோஹாவே இதற்குச் சாட்சி. பெண்கள் மாரத்தான் நடந்து எட்டு நாள் கழித்து, அதே சாலையில், அதே நள்ளிரவு நேரத்தில் ஆண்கள் ஓடினார்கள். அன்று வெப்பநிலை சுமார் 29 டிகிரி; ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தது. புறப்பட்ட 73 பேரில் 55 பேர் ஓடி முடித்தார்கள். எத்தியோப்பியாவின் லெலிசா டெசிசா 2 மணி 10 நிமிடம் 40 வினாடியில் வென்றார். மூன்று நான்கு டிகிரி சூடும், இருபது சதவீதத்துக்கு மேல் ஈரமும் குறைந்ததில் இவ்வளவு வேறுபாடு. இரண்டு இரவிலும் தலைக்கு மேல் சூரியன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் ‘வெயில்’ என்று சொல்லிப் பயப்படுவதில் பாதிதான் வெயில். மறுபாதி புழுக்கம். அது இரவிலும் இருக்கும்.

வெளியேற முடியாத வெப்பம் உள்ளே என்ன செய்கிறது? ஓடும்போது தசைகளுக்கு ரத்தம் வேண்டும்; உடல் குளிர, தோலுக்கும் ரத்தம் வேண்டும். வியர்வையாக நீர் வெளியேறுவதால் ரத்தத்தின் அளவோ குறைந்துகொண்டே வருகிறது. இருக்கும் ரத்தத்தை இரண்டு பக்கமும் அனுப்ப இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வாந்தியும் வயிற்றுப் பிரட்டலும் வருவது அதனால்தான். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நிலையில் மூளை தடுமாறத் தொடங்கினால் அது வெப்பவாதம், ஹீட் ஸ்ட்ரோக். தள்ளாட்டம், பிதற்றல், காரணமில்லாத கோபம், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமை ஆகியவை அதன் அறிகுறிகள். மன உறுதியை நம்பச் சொல்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. நிற்பதா தொடர்வதா என்று முடிவு செய்ய வேண்டிய மூளையே முதலில் பழுதாகிறது. உறுதி அதிகமுள்ளவர் அந்த எல்லையை அறியாமலே கடந்துவிடுகிறார்.

1954இல் கனடாவின் வான்கூவரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் அப்படித்தான் விழுந்தார். அன்றைக்கு உலகின் அதிவேக மாரத்தான் நேரம் அவர் பெயரில் இருந்தது. கடும் வெயிலில் ஓடி அரங்குக்குள் நுழைந்தபோது அடுத்தவரைவிடப் பதினேழு நிமிடம் முன்னால் இருந்தார். நடந்தே போயிருந்தாலும் வென்றிருப்பார். ஆனால் விழுந்தும் எழுந்தும் சுமார் 200 மீட்டரைக் கடக்க அவருக்குப் பதினோரு நிமிடம் பிடித்தது. எல்லையைத் தொடாமலே தூக்கிச் செல்லப்பட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கென்று முதன்முதலாக நடத்தப்பட்ட மாரத்தானில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசிச் சுற்றை உடல் ஒருபக்கம் கோணியபடி ஐந்தே முக்கால் நிமிடத்தில் கடந்து 37ஆவதாக வந்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. அவர் உயிர் தப்பியதற்குக் கைதட்டல் காரணமில்லை. அவருக்கு இன்னும் வியர்க்கிறது என்பதைப் பார்த்து, உடல் முழுவதும் கைவிட்டுவிடவில்லை என்று கணித்த மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஓட்டம் முடிந்ததும் உடனே குளிர்வித்தார்கள்.

ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒலிம்பிக் வரலாற்றின் தொடக்கப் பக்கங்களே போதும். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மாரத்தான் பிற்பகல் மூன்று மணியளவில், 32 டிகிரி வெப்பத்தில், புழுதிச் சாலையில் தொடங்கியது. வழியில் தண்ணீர் கிடைத்தது ஓரிரு இடத்தில் மட்டுமே. நீர் அருந்தாமல் ஓடினால் உடல் எப்படித் தாங்குகிறது என்று பார்க்கப் போட்டியின் பொறுப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன் விரும்பியதாக விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். 32 பேர் புறப்பட்டு 14 பேர் முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு உதவியாளர்கள் தண்ணீர் தர மறுத்து, ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சை முட்டையின் வெள்ளைக் கருவில் கலந்து கொடுத்தார்கள். 1912இல் ஸ்டாக்ஹோமில், சுமார் 32 டிகிரி வெப்பத்தில், 68 பேரில் பாதிப் பேர்தான் ஓடி முடித்தார்கள். போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லாசரோ சாலையில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். நவீன ஒலிம்பிக்கில் போட்டியின்போது நேர்ந்த முதல் மரணம் அதுதான். வெயில் சுடாமல் இருக்க அவர் உடலில் மெழுகு பூசியிருந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த மெழுகு வியர்வையின் வழியை அடைத்திருக்கும். இந்த இரண்டு ஓட்டத்திலும் தோற்றது ஓட்டக்காரர்களின் துணிவு இல்லை. போட்டியை நடத்தியவர்களின் அறிவும் அக்கறையும்தான்.

இதற்கு மறுப்பாக முதலில் வரும் வாதம் பழக்கம். வெப்ப நாட்டில் பிறந்தவர்களுக்கு வெப்பம் ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். பழக்கம் உதவுகிறது என்பது உண்மை. பத்து முதல் பதினான்கு நாள் வரை வெப்பத்தில் முறையாகப் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரும், அதில் வெளியேறும் உப்பு குறையும், நாடித் துடிப்பு அடங்கும். ஆனால் இது பிறப்பால் வரும் சொத்தல்ல. பயிற்சியை விட்டால் சில வாரங்களில் கரைந்துவிடும். நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் வேலை பார்ப்பவர் வெப்ப நாட்டில் இருக்கிறார் என்பதாலேயே அவர் உடல் வெப்பத்துக்குப் பழகியதாகிவிடாது. கென்யாவின், எத்தியோப்பியாவின் புகழ்பெற்ற பயிற்சி ஊர்கள்கூட கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே உள்ள குளிர்ந்த மேட்டுநிலங்களில்தான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பழகிய உடலால் கூடுதலாக வியர்க்க முடியுமே தவிர, ஈரம் நிறைந்த காற்றை அந்த வியர்வையை வாங்கிக்கொள்ளும்படி செய்ய முடியாது.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. மனிதனே வெப்பத்தில் ஓடப் பிறந்தவன்தான் என்கிறார்கள். 2004இல் டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மேன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், நீண்ட தூரம் ஓடும் திறன் மனிதப் பரிணாமத்தில் முக்கியப் பங்கு வகித்தது என்று வாதிட்டார்கள். உடல் ரோமம் குறைவு, வியர்வைச் சுரப்பிகள் ஏராளம். ஆகவே வெயிலில் மிருகங்கள் களைத்து விழும்வரை மனிதனால் துரத்த முடிந்தது என்பது அந்தக் கருத்து. இதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அந்த வேட்டை நடந்தது வறண்ட புல்வெளியில். ஓட்டமும் நடையும் கலந்து, நின்று தடம் பார்த்து, வேகத்தைத் தானே தீர்மானித்து. கடிகாரத்தோடு போட்டியிட்டு 42 கிலோமீட்டரை இடைவிடாமல் ஓடுவது வேறு. கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் ஜூலை மாதம் நடக்கும் பேட்வாட்டர் ஓட்டத்தையும் உதாரணம் காட்டுவார்கள். 50 டிகிரியை நெருங்கும் சூட்டில் 217 கிலோமீட்டர் ஓடுகிறார்கள் என்பது உண்மைதான். அங்கே காற்று மிகவும் வறண்டது. முந்தைய அனுபவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நூறு பேரளவில்தான் அனுமதி. ஒவ்வொருவருக்கும் தண்ணீரும் பனிக்கட்டியுமாகத் தனி உதவிக் குழு வண்டியில் கூடவே வருகிறது. அண்மைக் காலத்தில் புறப்படும் நேரத்தையும் இரவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, பேட்வாட்டர் மன உறுதிக்கு மட்டும் கிடைத்த வெற்றி இல்லை. கவனமான ஏற்பாட்டுக்குக் கிடைத்த வெற்றி.

தண்ணீர் நிறையக் குடித்தால் போதும் என்பது மூன்றாவது வாதம். ஓட்டக்காரர்களிடம் அதிகம் பரவியிருப்பதும் இதுதான். தண்ணீர் அவசியம், ஆனால் அது வியர்வைக்கான மூலப்பொருள் மட்டுமே. வியர்வை ஆவியாகாத காற்றில் எவ்வளவு குடித்தாலும் வெப்பம் வெளியேறாது. அளவுக்கு மீறிக் குடிப்பதிலும் ஆபத்து உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. ஓடும்போதே எடை கூடியவர்கள், அதாவது இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள், அவர்களில் கணிசமாக இருந்தார்கள். சோடியம் மிகவும் குறைந்தால் மூளை வீங்கும். உயிருக்கே உலை வைக்கும். தாகத்துக்குக் குடிப்பதும், நீண்ட ஓட்டத்தில் உப்பையும் சேர்த்துக்கொள்வதும் சரியான வழி. வெப்பத்துக்கான தீர்வு முழுவதையும் தண்ணீர்க் குவளையில் தேடக் கூடாது.

கடைசி வாதம் உரிமை பற்றியது. வயது வந்தவர்கள் தெரிந்தே ஏற்கும் ஆபத்து, அதைத் தடுக்க யாருக்கு உரிமை என்பார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் தெரிந்து ஏற்பதற்கு முதலில் தெரிய வேண்டும். பல மாதம் பயிற்சி செய்து, கட்டணம் கட்டி, ஊர்விட்டு ஊர் வந்தவர் அன்று காலை திரும்பிப் போவது எளிதல்ல. இதைப் புரிந்துகொண்டுதான் 2012இல் பாஸ்டன் மாரத்தான் அமைப்பாளர்கள், கடும் வெப்பம் வருகிறது என்று தெரிந்ததும், அடுத்த ஆண்டு ஓடிக்கொள்ளலாம் என்ற வாய்ப்பை அளித்தார்கள். முந்தைய ஆண்டு 2 மணி 3 நிமிடம் 2 வினாடியில் வெல்லப்பட்ட அந்த ஓட்டம் அந்த ஆண்டு 2 மணி 12 நிமிடம் 40 வினாடிக்குப் போனது. 2007இல் சிகாகோவில் 31 டிகிரியில் வழித்தடத்துத் தண்ணீர் நிலையங்கள் சிலவற்றில் தண்ணீரே தீர்ந்துபோக, ஓட்டத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே ஓடியவர்கள் ஏற்றுக்கொண்ட ஆபத்தில் தண்ணீர் இல்லாமல் போவது சேர்ந்திருக்கவில்லை. தனி மனிதரின் துணிவுக்கு எல்லை வகுப்பது வேறு. அவர் நம்பி வந்த ஏற்பாடு சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பது வேறு.

வெப்பம் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதும் இல்லை. பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு நகரங்களின் மாரத்தான்களில் 2001 முதல் 2010 வரை ஓடிய ஏறக்குறைய 18 லட்சம் பேரின் நேரங்களை ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வு, மாரத்தானுக்கு உகந்த வெப்பநிலை ஏறக்குறைய 4 முதல் 10 டிகிரிக்குள் இருப்பதாகக் கண்டது. அதைத் தாண்டி ஏற ஏற நேரமும் கூடுகிறது, விலகுவோரும் கூடுகிறார்கள். வேறு ஆய்வுகள் மெதுவாக ஓடுபவர்களே வெப்பத்தால் அதிகம் பின்தங்குவதைக் காட்டியிருக்கின்றன. காரணம் எளிது. முதல் வரிசைக்காரர் இரண்டேகால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். சாதாரண ஓட்டக்காரர் ஐந்து மணி நேரம் சாலையில் இருக்கிறார்; அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. புறப்படும் நேரத்தைக் குறிப்பவர்கள் கடைசியில் வருபவரை மனத்தில் வைத்துக் குறிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவற்றில் மறைபொருள் ஒன்றுமில்லை. முதலாவது, சரியாக அளப்பது. சாதாரண வெப்பமானி சொல்லும் எண் போதாது. 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் விழுந்ததை அடுத்து உருவான ஈரக்குமிழ் கோள வெப்பநிலை என்ற அளவு, ஈரத்துக்கு 70 சதவீதம், வெயிலின் கதிர்வீச்சுக்கு 20 சதவீதம், காற்றின் சூட்டுக்கு 10 சதவீதம் என்று எடை போடுகிறது. ஈரத்துக்கு அவ்வளவு எடை இருப்பதே புழுக்கத்தின் வலிமையைச் சொல்லும். இந்த அளவு 28 டிகிரியைத் தாண்டினால் நெடுந்தூர ஓட்டத்தை ஒத்திவைக்கவோ ரத்து செய்யவோ வேண்டும் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி அறிவுறுத்தியது. இரண்டாவது, சிகிச்சைக்குத் தயாராக இருப்பது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஃபால்மவுத் ஓட்டத்தில், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பவாதம் வந்தது. 274 பேரும் பிழைத்தார்கள். விழுந்தவரை அங்கேயே பனிக்கட்டித் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் இறக்கினார்கள். உடல் வெப்பம் இறங்கிய பிறகுதான் மற்றது. முதலில் குளிர்வி, பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்பதே விதி. ஒரு தொட்டி, தண்ணீர், பனிக்கட்டி, பயிற்சி பெற்ற சிலர் இருந்தாலே இதைச் செய்துவிடலாம்.

மூன்றாவதும் முதன்மையானதும் நாள்காட்டி. தோஹாவைப் பார்த்த ஒலிம்பிக் கமிட்டி அடுத்த மாதமே, டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானை சுமார் 800 கிலோமீட்டர் வடக்கேயுள்ள சப்போரோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. நல்ல முடிவு, ஆனால் அரைகுறை முடிவு. 2021 ஆகஸ்ட்டில் சப்போரோவும் கொதித்தது. பெண்கள் ஓட்டத்தை முந்தைய நாள் மாலையில்தான் ஒரு மணி நேரம் முன்னதாக மாற்றினார்கள். ஆண்கள் ஓட்டத்தில் 106 பேரில் 30 பேர் விலகினார்கள். 1964இல் இதே டோக்கியோ ஒலிம்பிக்கை அக்டோபரில் நடத்தியிருந்தது. ஊரை மாற்ற முடிந்தவர்களால் மாதத்தை மாற்ற முடியவில்லை.

கடலோரத் தமிழகத்துக்கு இந்தப் பாடம் நேரடியாகப் பொருந்தும். சென்னை மாரத்தானை ஜனவரியில், விடியுமுன் தொடங்குகிறார்கள், அறிவுடைய ஏற்பாடு. ஆனால் விழிப்புணர்வு ஓட்டம், மினி மாரத்தான் என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளையும் பயிற்சியில்லாத பெரியவர்களையும் திரட்டி ஊர்தோறும் எல்லா மாதமும் ஓட விடுகிறோம். மே மாதச் சென்னையில் விடியற்காலையிலேகூட வெப்பநிலை 28 டிகிரிக்கு அருகில் நிற்கிறது. அந்த நேரத்தில்தான் ஈரப்பதமும் உச்சத்தில் இருக்கும். வெயில் வருமுன் முடித்துவிடலாம் என்ற கணக்கு கோடையில் இங்கே பலிக்காது என்பதைத்தான் தோஹாவின் நள்ளிரவு காட்டியது. தூரம் ஐந்து கிலோமீட்டர் என்பதாலும் அலட்சியம் கூடாது. குறைந்த தூரத்தை முழு வேகத்தில் ஓடுபவரின் உடல் இன்னும் விரைவாகச் சூடேறும். ஃபால்மவுத் ஓட்டத்தின் தூரமே 11 கிலோமீட்டர்தான்.

ஆகவே ஓட்டம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் இறுதி முதல் ஜூலை வரை கடலோர ஊர்களில் நெடுந்தூரப் போட்டி வைக்காதீர்கள். மற்ற மாதங்களிலும் ஈரக்குமிழ் அளவை அன்று காலை அளந்து எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். எல்லை தாண்டினால் ரத்து செய்யும் அதிகாரத்தை மருத்துவரிடம் கொடுங்கள். குளிர்நீர்த் தொட்டி இல்லாமல் புறப்பாட்டுக் கொடியை அசைக்காதீர்கள். ஓடுபவர்களே, பணம் கட்டுவதற்கு முன் இவற்றையெல்லாம் கேளுங்கள். பதில் இல்லாத போட்டியில் ஓடாதீர்கள்.